கன்சோலுக்கு வெளியே பிறந்த கன்ட்ரோலர்கள்

தொலைக்காட்சியுடன் இணைத்து வீடியோ கேம் விளையாடப் பயன்படும் பெட்டிக்குக் கன்சோல் என்றும், விளையாடுபவர் கையில் பிடித்து இயக்கும் கருவிக்குக் கன்ட்ரோலர் என்றும் பெயர். பெட்டியோடு ஒன்றோ இரண்டோ கன்ட்ரோலர்களைக் கன்சோல் நிறுவனமே சேர்த்துத் தருகிறது. எனினும், அதே பெட்டியில் பொருந்தக்கூடிய கன்ட்ரோலர்களை வேறு நிறுவனங்களும் 1980களின் தொடக்கத்திலிருந்தே தயாரித்து விற்று வந்துள்ளன. மூன்றாம் தரப்புக் கன்ட்ரோலர்கள் எனப்படும் இவற்றில் பெரும்பாலானவை விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கப்பட்டவை. அசல் கன்ட்ரோலரை அண்ணன் எடுத்துக்கொள்ள, தம்பியின் கைக்கு வந்து சேர்ந்தவை. ஆயினும், அவற்றுள் சில, கன்சோல் நிறுவனமே செய்த கருவியைவிட மேலானவை என்று மதிக்கப்பட்டு, அந்தக் கன்சோல்கள் கடைகளிலிருந்து மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் தேடி வாங்கப்படுகின்றன. கன்சோல் நிறுவனம் எல்லா விளையாட்டுகளுக்கும் பொருந்துமாறு ஒரே கருவியை வடிவமைக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தது. வெளி நிறுவனத்துக்கு அக்கட்டாயம் இல்லை. ஒரே ஒரு வகை விளையாட்டையோ, அசல் கருவியின் ஒரே ஒரு குறையையோ கருத்தில் கொண்டு அது உழைக்க முடிந்தது. நினைவில் நிற்கும் கருவிகள் பெரும்பாலும் இவ்வாறு உருவானவையே.

1977இல் வெளிவந்த அட்டாரி 2600 கன்சோலின் ஜாய்ஸ்டிக், அதாவது நான்கு திசைகளிலும் சாய்க்கக்கூடிய குச்சியும் ஒரே ஒரு பொத்தானும் கொண்ட கருவி, மின்னியல் நோக்கில் மிக எளியது. திசைக்கு ஒன்றாக நான்கு ஸ்விட்சுகள், சுடுவதற்கு ஒன்று, இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு கம்பி ஆகியவற்றைத் தவிர அதற்குள் வேறெதுவும் இல்லை. ஒன்பது ஊசிகள் கொண்ட அதன் இணைப்பு முனையில் எந்த ஊசி எதற்கு உரியது என்பதைக் கண்டறிய எந்த இரகசியத்தையும் அறிந்திருக்கத் தேவைப்படவில்லை. அதே முனையைக் கொமடோர் 64, அமிகா போன்ற கணினிகளும் ஏற்றுக்கொண்டதால், அதற்குப் பொருந்தும் ஜாய்ஸ்டிக்கைச் செய்பவருக்குப் பல கருவிகளின் சந்தை ஒருசேரத் திறந்தது. அட்டாரியின் குச்சியோ விறைப்பானது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் பகுதி தொடர்ந்த பயன்பாட்டில் உடைந்துபோவதும் வழக்கம். காசு போட்டு விளையாடும் கூடங்களில் நிற்கும் ஆர்கேடு இயந்திரங்களுக்கு உதிரிப் பாகங்கள் வழங்கிவந்த அமெரிக்க நிறுவனமான விகோ, அந்த இயந்திரங்களில் பயன்பட்ட இலை ஸ்விட்சுகளை, அதாவது மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு தொட்டு மின்னிணைப்பு தரும் அமைப்பை, வீட்டு ஜாய்ஸ்டிக்குக்குள் வைத்துக் கமாண்ட் கன்ட்ரோல் என்னும் பெயரில் விற்றது. நாள் முழுவதும் முன்பின் அறியாதவர்களின் கைகளில் அடிபடுவதற்கென்றே உருவான பாகம் வீட்டுக்குள் வந்தபோது, அசல் கருவியின் நலிவு வெளிப்படையாயிற்று.

பிரிட்டனில் சிவப்பும் கறுப்புமாக, பெரிய வட்டப் பொத்தான்கள் இரண்டுடன் வந்த காம்படிஷன் புரோ இதே புகழைப் பெற்றது. குச்சியை இடமும் வலமும் விடாமல் ஆட்டினால்தான் வீரன் ஓடுவான் என்ற விதியோடு 1984இல் வெளிவந்த ‘டேலி தாம்சன்ஸ் டெகத்லான்’ எண்ணற்ற ஜாய்ஸ்டிக்குகளை உடைத்த விளையாட்டு என்று இன்றும் அங்கு நினைவுகூரப்படுவதால், உறுதி என்பது அந்நாட்டுச் சிறுவர்களுக்கு அலங்காரச் சொல்லாக இருந்திருக்க முடியாது. விளையாட்டு மென்பொருள் வெளியிட்டுவந்த எபிக்ஸ் நிறுவனம் தன் பங்குக்கு 500எக்ஸ்ஜே என்னும் ஜாய்ஸ்டிக்கை வெளியிட்டது. அதன் உடல், மேசைமேல் வைப்பதற்கான சதுரப் பெட்டியாக இல்லாமல், இடது உள்ளங்கையில் அடங்குமாறு வளைந்திருந்தது. சுடும் பொத்தான் அதே கையின் விரல் இயல்பாகச் சென்று படியும் இடத்தில் அமைந்தது. கையின் வடிவத்துக்குக் கருவி இணங்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலக் கன்சோல் நிறுவனங்களிடம் பெரிதாகக் காணப்படவில்லை.

1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலோடு நிலைமை மாறியது. குச்சிக்குப் பதிலாக, கட்டைவிரலால் அழுத்தும் சிலுவை வடிவத் திசைப் பொத்தான் வந்தது. அந்நிறுவனத்தின் குன்பெய் யோகோய் 1982இல் ‘டாங்கி காங்’ கையடக்க விளையாட்டுக்காக வடிவமைத்த இந்தச் சிலுவைக்கு நின்டெண்டோ காப்புரிமை பெற்றிருந்ததால், பிறர் வட்டத் தட்டாகவும் பிரிந்த நான்கு துண்டுகளாகவும் வேறு வடிவங்களைத் தேட வேண்டியதாயிற்று. வெளி நிறுவனங்கள் இங்கே கண்ட வாய்ப்பு வேறொன்று: டர்போ எனப்படும் தானியங்கிச் சுடுதல். ஹட்சன் நிறுவனத்தின் விளம்பர முகமாக விளங்கிய தகஹாஷி மெய்ஜின், நொடிக்கு 16 முறை பொத்தானை அழுத்தக்கூடியவர் என்ற பெயரோடு ஜப்பானியச் சிறுவர்களின் நாயகனானார். மறுபுறம், அவ்விரல் வேகம் வாய்க்காதவர்களுக்காக அதே நிறுவனம் ஜாய் கார்டு வரிசையில், பொத்தானை அழுத்திப் பிடித்தாலே தொடர்ந்து சுடும் கன்ட்ரோலரையும் விற்றது. வித்தையையும் குறுக்குவழியையும் ஒரே கடை விற்ற இந்த வணிகச் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க இயலாது. டர்போ இயங்கும் முறை எளியது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் சிறு மின்சுற்று, அழுத்திய நிலையையும் விட்ட நிலையையும் மாறிமாறி அனுப்புகிறது. கன்சோல் பொதுவாக நொடிக்கு 60 முறை கன்ட்ரோலரைப் படிப்பதாலும், ஓர் அழுத்தலைக் கணக்கில் கொள்ள அழுத்திய நிலை ஒரு முறையும் விட்ட நிலை ஒரு முறையும் தெரிய வேண்டும் என்பதாலும், எவ்வளவு விரைவான டர்போவாக இருந்தாலும் நொடிக்கு 30 என்ற எல்லையைத் தாண்ட முடியாது. 1990களில் தமிழ்நாட்டு வீடுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் புழங்கியவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்களே. அவற்றின் கன்ட்ரோலர்களில் ஏ, பி பொத்தான்களுக்கு மேலே காணப்பட்ட கூடுதல் பொத்தான்கள் இரண்டும் இந்த டர்போ மரபின் எச்சங்களாகும்.

டர்போவை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றது ஆஸ்கி என்னும் ஜப்பானிய நிறுவனம். 1977இல் கணினி இதழ் வெளியீட்டகமாகத் தொடங்கிய இந்நிறுவனம் சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்காகச் செய்த ஆஸ்கிபேடில், ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனி டர்போ ஸ்விட்சும், ஆட்டத்தை மெதுவாக ஓடச் செய்யும் வசதியும் இருந்தன. பின்னது, இடைநிறுத்தப் பொத்தானைக் கண்ணிமைக்கும் நேரத்தில் மீண்டும் மீண்டும் அழுத்துவதன்றி வேறில்லை. இடைநிறுத்தும்போது பட்டியல் ஒன்று திரையை மறைக்கும் விளையாட்டுகளில் அது பயன்படவில்லை. இதைவிட மதிக்கத்தக்கது, பின்னர் பிளேஸ்டேஷனுக்காக அந்நிறுவனம் வெளியிட்ட ஆஸ்கி கிரிப். கதைமாந்தர்களை ஊர் ஊராக நடத்தி, உரையாடல்களைப் படித்து, பட்டியல்களிலிருந்து கட்டளைகளைத் தேர்ந்தெடுக்கும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கு விரைவு தேவையில்லை என்பதை உணர்ந்து, எல்லாப் பொத்தான்களும் ஒரே கைக்குள் அடங்குமாறு அது செய்யப்பட்டது. மறு கையில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு மட்டுமன்றி, ஒரு கையை மட்டுமே பயன்படுத்தக்கூடியவர்களுக்கும் அது ஏற்றதாயிருந்தது.

மூன்றாம் தரப்புக் கன்ட்ரோலர்களில் தலைசிறந்தது எதுவென்று கேட்டால், நாம்கோ நிறுவனத்தின் நெக்கானைக் காட்டுவதே நியாயம். சோனியின் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தபோது, அதனுடன் வந்த கன்ட்ரோலரில் திசையைக் காட்டப் பொத்தான்கள் மட்டுமே இருந்தன. அத்தகைய பொத்தானுக்கு அழுத்தியது, அழுத்தாதது என்ற இரு நிலைகளே உண்டு. கார் ஓட்டும் விளையாட்டில் அது, ஸ்டியரிங்கை முழுவதுமாகத் திருப்பலாம், இல்லாவிட்டால் திருப்பாமலே இருக்கலாம் என்று ஓட்டுநருக்கு விதிப்பதற்கு ஒப்பாகும். அக்கன்சோலோடு முதல் நாளிலேயே வெளிவந்த ‘ரிட்ஜ் ரேசர்’ என்னும் கார் பந்தய விளையாட்டின் படைப்பாளியான நாம்கோவுக்கு இக்குறை நன்கு தெரிந்திருந்தது. மறு மாதமே, 1995 ஜனவரியில், நெக்கான் விற்பனைக்கு வந்தது. பார்வைக்குச் சாதாரணக் கன்ட்ரோலரைப் போன்றே தோன்றும் இது, நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு சுழல் மூட்டால் இணைக்கப்பட்டிருந்தது. ஈரத்துணியைப் பிழிவது போல இரு பாதிகளையும் எதிரெதிர்த் திசைகளில் முறுக்கினால் கார் திரும்பும். சற்றே முறுக்கினால் சற்றே திரும்பும்.

மூட்டுக்குள் இருக்கும் மாறுமின்தடை, வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருப்பதைப் போன்ற பாகம், முறுக்கிய அளவை 0 முதல் 255 வரையிலான எண்ணாக மாற்றிக் கன்சோலுக்கு அனுப்பியது. இதோடு நில்லாமல், வலப்புறத்தில் இருந்த இரு பொத்தான்களும் இடது தோள்பட்டைப் பொத்தானும் எவ்வளவு ஆழமாக அழுத்தப்பட்டன என்பதையும் அது அளந்தது. எனவே ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதிப்பதும் பிரேக்கை மெல்லத் தொடுவதும் விரல் நுனியில் கைகூடின. சோனியின் சொந்த டூயல்ஷாக் கன்ட்ரோலர், சாய்க்கும் அளவையும் உணரும் குட்டையான இரு அனலாக் குச்சிகளுடன், 1997இல்தான் வந்தது என்பதை நோக்க, நாம்கோவின் முந்துதல் எளிதில் விளங்கும். அதைவிட முக்கியமானது, குச்சி வந்த பிறகும் நெக்கான் காலாவதியாகவில்லை என்பதே. கட்டைவிரல் நகரும் தூரம் மிகக் குறுகியது. ஆதலால் குச்சியில் நுண்ணிய திருத்தம் கடினம். இரு மணிக்கட்டுகளும் சேர்ந்து முறுக்கும்போது கிடைக்கும் தூரமோ அதைவிடப் பெரிது; ஸ்டியரிங் சக்கர வடிவக் கருவி போல மேசையில் பொருத்த வேண்டிய தேவையும் இல்லை.

இதற்கும் ஒரு விலை இருந்தது. பிளேஸ்டேஷனில் இணைக்கப்படும் ஒவ்வொரு கன்ட்ரோலரும் முதலில் தன் வகையைக் குறிக்கும் எண்ணைக் கன்சோலுக்குத் தெரிவிக்கும். அந்த எண்ணை அறிந்துகொள்ளுமாறு எழுதப்பட்ட விளையாட்டில்தான் முறுக்கலுக்குப் பொருள் உண்டு. நல்வாய்ப்பாக, ‘வைப்அவுட்’, ‘கிரான் டூரிஸ்மோ’ போன்ற பிற நிறுவனங்களின் முதன்மையான பந்தய விளையாட்டுகளும் நெக்கானை ஏற்றுக்கொண்டன. மிதக்கும் ஊர்திகள் வளைந்து வளைந்து பறக்கும் ‘வைப்அவுட்’டை இக்கருவியோடு ஆடிப் பழகியவர்கள் வேறு கன்ட்ரோலருக்கு மாற மறுத்தனர் என்றால் மிகையன்று. நாம்கோ பின்னர், ‘ரிட்ஜ் ரேசர் டைப் 4’ விளையாட்டுக்காக, நடுவில் மோட்டாரால் எதிர்விசை தரும் சுழல்வட்டுடன் ஜாக்கான் என்னும் கருவியையும் செய்தது. ஆனால் அதை ஆதரித்த விளையாட்டுகள் மிகச் சிலவே என்பதால் அது நிலைபெறவில்லை.

நின்டெண்டோவின் அனுமதியோடு துணைக்கருவிகள் செய்துவந்த ஹோரி நிறுவனத்தின் வழி வேறு. புதுமையைத் தேடாமல், அசல் கருவியின் குறை ஒன்றை எடுத்துக்கொண்டு அதை மட்டும் களைவது அதன் இயல்பு. 1996இல் வந்த நின்டெண்டோ 64இன் கன்ட்ரோலர் மூன்று கைப்பிடிகளைக் கொண்டது. அதன் அனலாக் குச்சியின் அடிப்பகுதி பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றின்மேல் உராய்ந்து தேய, நாளடைவில் குச்சி தொளதொளத்துப் போகும். ‘மரியோ பார்ட்டி’ விளையாட்டில் இக்குச்சியை உள்ளங்கையால் வேகமாகச் சுழற்றிய சிறுவர்களுக்குத் தோல் புண்ணானதால், 2000இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நின்டெண்டோ கையுறைகள் வழங்க நேர்ந்தது. ஹோரியின் மினி பேட், மூன்று கைப்பிடிகளை நீக்கிச் சிறிய உடலில், தேயும் கிண்ணத்துக்குப் பதிலாக வேறு அமைப்பில் இயங்கும் குச்சியை வைத்தது. அதன் வீச்சு அசலைவிடச் சற்று மிகுதி என்பதால் சில விளையாட்டுகளில் குறி தப்பும் என்பது உண்மையே. ஆயினும், பிற்காலத்தில் ரெட்ரோ-பிட் போன்ற நிறுவனங்கள் அதே கன்சோலுக்குப் புதிய கன்ட்ரோலர் செய்ய முற்பட்டபோது முன்மாதிரியாகக் கொண்டது ஹோரியின் வடிவத்தையே. கேம்கியூப் கன்சோலில் கேம்பாய் விளையாட்டுகளை இயக்க உதவும் துணைக்கருவி 2003இல் வந்தபோதும், அனலாக் குச்சிகளே இல்லாத, பழைய சூப்பர் நின்டெண்டோ வடிவிலான டிஜிட்டல் கன்ட்ரோலரை ஹோரி வெளியிட்டது. தேவையற்றதை விலக்கும் துணிவு அதன் சிறப்பு.

சண்டை விளையாட்டுகளில் ஆர்கேடு குச்சி பெற்ற இடம் தனி நூலுக்கு உரியது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ கன்சோல்களுக்கு வந்த 2009இல், மேட் கேட்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 150 டாலர் விலையில் விற்ற ஃபைட்ஸ்டிக், ஜப்பானிய ஆர்கேடு இயந்திரங்களில் பயன்படும் சன்வா நிறுவனத்தின் குச்சியையும் பொத்தான்களையும் அப்படியே கொண்டிருந்தது; மலிவுக் கன்ட்ரோலர்களுக்கே பெயர்பெற்றிருந்த ஒரு நிறுவனம் அதன் மூலம் போட்டி ஆட்டக்காரர்களின் மதிப்பைப் பெற்றது. அந்நிறுவனம் 2017இல் திவாலாகி, அடுத்த ஆண்டு அதே பெயரில் மீண்டும் தொடங்கப்பட்டது.

விந்தைக்காக மட்டும் நினைவுகூரத்தக்கவையும் உண்டு. மேட்டல் நிறுவனம் 1989இல் விற்ற பவர் குளோவ் என்னும் கையுறை, மீயொலி அலைகளால் கையின் அசைவை அளக்க முயன்று, விளையாட முடியாத அளவுக்குத் தடுமாறியது. கேப்காமின் ‘ஸ்டீல் பட்டாலியன்’ (2002) விளையாட்டுக்கென்றே சுமார் 40 பொத்தான்கள், இரண்டு நெம்புகோல்கள், மூன்று மிதிகள் ஆகியவற்றுடன் வந்த கன்ட்ரோலரோ நன்றாகவே இயங்கியது. ஆட்டத்தில் நாம் ஓட்டும் இயந்திரம் வெடிப்பதற்குள் தப்பிக்கும் பொத்தானை அழுத்தத் தவறினால், சேமித்து வைத்த ஆட்டம் முழுவதையும் அவ்விளையாட்டு அழித்துவிடும். ‘ரெசிடென்ட் ஈவில் 4’க்காக இரத்தக்கறை படிந்த சங்கிலி ரம்பத்தின் வடிவில் செய்யப்பட்ட கன்ட்ரோலர் அலமாரியில் வைக்கவே ஏற்றது.

இவ்வளவு வகைகள் பெருக வழிசெய்தது, பழைய கன்சோல்களின் இணைப்பு முனைகள் யாரையும் தடுக்காமல் இருந்ததுதான். பின்வந்த கன்சோல்கள், இணைக்கப்படும் கருவி அனுமதி பெற்றதுதானா என்று சில்லுகளின் வழியே சோதிக்கத் தொடங்கின. 2023 நவம்பர் முதல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களில், அனுமதி பெறாத கன்ட்ரோலரை இணைத்தால் பிழைச் செய்தி தோன்றுகிறது. இரண்டு வார அவகாசத்துக்குப் பின் அக்கருவி அங்கே இயங்குவதில்லை.