உடன்பிறந்தாளின் கையெழுத்து

தந்தை இறந்து முப்பதாம் நாள் பூசை முடிகிறது. உறவினர் உண்டு எழுந்தபின் மூத்த அண்ணன் ஒரு தாளை எடுத்து வந்து தங்கையின் முன் வைக்கிறார். "இதிலே ஒரு கையெழுத்து போடு தாயி, மற்றதை நாங்க பார்த்துக்கிடுதோம்" என்கிறார். அவளும் படித்துப் பாராமல் இடுகிறாள். மறுவாரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவளையும் அழைத்துச் சென்று, அதனை விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்துவிடுகின்றனர். தேவதானத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும், வயலும் மாந்தோப்பும் உடைய குடும்பங்களில் இது நமக்குப் புதிய காட்சியன்று.

காரணம் கேட்டால், "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே" என்போம். சட்டம் அவ்வாறு கூறவில்லை. கிறிஸ்தவர்களாகிய நமக்குரியது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கும் மக்கள் அனைவர்க்கும் சமமாகச் சேரும். மூன்று ஏக்கர் நிலமும், மனைவியும், இரு ஆண்மக்களும், இரு பெண்மக்களும் இருப்பின், தாய்க்கு ஒரு ஏக்கர், பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் அரை ஏக்கர். நகையைப் பற்றியும் அச்சட்டத்தின் 49ஆம் பிரிவு பேசுகிறது: தந்தை தம் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ பொருளையோ அப்பிள்ளையின் பங்கில் கழிக்கக் கூடாது. மகளுக்கு இட்ட நகைக்கும் மகனைப் படிக்க வைத்த செலவுக்கும் விதி ஒன்றே. மகனின் படிப்புச் செலவை எந்த வீட்டிலும் யாரும் கணக்குப் பார்த்ததாக நாம் கேட்டதில்லை!

இது நேற்று வந்த உரிமையுமன்று. 1865ஆம் ஆண்டின் சட்டமே கிறிஸ்தவ மக்களுக்குள் ஆண், பெண் என்று வேறுபாடு பாராட்டவில்லை. ஆனால் திருவிதாங்கூரில் நிலை வேறு. 1916ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சட்டப்படி, மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு. இதனை எதிர்த்துக் கோட்டயத்து ஆசிரியை மேரி ராய் உச்ச நீதிமன்றம் சென்றார். 1986 பிப்ரவரி 24ஆம் நாள் தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பதக்கும் தீர்ப்பளித்தனர்: 1951 ஏப்ரல் 1 முதலே அப்பழைய சட்டம் செல்லாது, 1925ஆம் ஆண்டின் சட்டமே செல்லும் என்று. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரி மாவட்டத்துக் குடும்பங்களையும் அத்தீர்ப்பு தொட்டது. மேரி ராய் 2022இல் காலமானார். வழக்கில் வென்ற பின்னும் தம் பங்கு கைக்கு வர அவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

ஒன்றை மறைத்தல் ஆகாது. நம் சட்டத்தில் பிறப்பால் வரும் சொத்துரிமை மகனுக்குமில்லை, மகளுக்குமில்லை. தந்தை தம் சொத்து முழுவதையும் விரும்பியவர்க்கு உயில் எழுதி வைக்கலாம். எழுதிவிட்டால் மகள் சம பங்கு கோர இயலாது. உயிலுக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். உயிலில் பங்கு பெறுபவரோ அவருடைய மனைவியோ கணவரோ சாட்சியாகக் கையெழுத்திட்டால், உயில் நிற்கும்; அவருக்குரிய கொடை மட்டும் வீணாகும். இதனை அறியாது வீட்டு மருமகனைச் சாட்சியாக நிறுத்துவோர் உளர்.

பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பின்னர் மாற்றுவது எளிதன்று. வஞ்சித்து வாங்கினார்கள் என்று மெய்ப்பிக்க வேண்டும். வஞ்சனை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கவும் வேண்டும். அண்ணன் தம்பிமாரைக் கூண்டில் ஏற்ற எந்தச் சகோதரி விரும்புவாள்? ஆகவேதான் கையெழுத்துக்கு முந்திய அந்த அரை மணி நேரத்தைப் பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோம். மனமுவந்து விட்டுக்கொடுப்பது அவள் உரிமை. ஆனால் எதனை விட்டுக்கொடுக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

கேட்டுத் தெரிந்துகொள்ளப் பணம் வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். நம் மாவட்ட நீதிமன்றம் இருப்பது விருதுநகரிலன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். தேவதானத்திலிருந்து இராஜபாளையம் வழியாகப் பேருந்தில் சென்று, பத்திரத்தின் நகலைக் காட்டி விளக்கம் கேட்டு, அன்று மாலையே வீடு திரும்பிவிடலாம்.