அவுட்டர் ரிங் ரோட்டுக்கு எந்த பிரேக் பேட்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சு கொஞ்சம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு பிரேக் பேட். "100-ல போறப்ப பிரேக் பத்தல, ரேஸிங் பேட் போட்டா சரியாகிடுமா?" இந்தக் கேள்வி நிறைய பேர்கிட்ட இருந்து வந்திருக்கு. நான் மெக்கானிக் இல்லை. இன்ஜினியரிங் முடிச்சிட்டு கோடு எழுதுற ஆள். அதனால "இந்த பிராண்டை வாங்குங்க"ன்னு சொல்லப் போறதில்லை. கடையில நிக்கும்போது எதையெல்லாம் யோசிக்கணும், அதை மட்டும் பேசுவோம்.

இது நம்ம ஏரியா சமாச்சாரமும்தான். 1962-ல ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது பாடியில. சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடிதான். ரானேயோட பிரேக் லைனிங் தொழிற்சாலை அம்பத்தூர் எஸ்டேட். நாட்டுல ஓடுற எத்தனையோ வண்டிகள் நிக்கிறதுக்கான பொருள், நாம டீ குடிக்கிற கடைக்குப் பின்னாடிதான் தயாராகுது.

முதல்ல ரோட்டைப் பாருங்க

பேட் வாங்குறதுக்கு முன்னாடி, நம்ம வண்டி எப்படி பிரேக் போடுதுன்னு தெரியணும். வண்டலூர்ல இருந்து மீஞ்சூர் வரைக்கும் 62 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோடு. பூந்தமல்லிக்காரங்க நசரத்பேட்டையில ஏறுவாங்க, ஆவடிக்காரங்க நெமிலிச்சேரியில ஏறுவாங்க. ஏறினதுக்கு அப்புறம் பத்து, பதினைந்து நிமிஷம் பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்காது. திடீர்னு ராங் சைடுல ஒரு எக்ஸ்எல் வரும். இல்லைன்னா டெயில் லாம்ப் எரியாத லாரி ஓரமா நிக்கும். இல்லைன்னா மாடு.

அதாவது பிரேக் ஆறிப்போய் இருக்கு, அந்த நிலையில ஒரே ஒரு முறை முழு பலத்தோட பிடிக்கணும். நம்ம தேவை இதுதான்.

இதுக்கு நேர் எதிரா, பூந்தமல்லியில இருந்து பெங்களூரு ரோட்டைப் பிடிச்சா வர்ற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கை எடுத்துக்குங்க. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். ஒவ்வொரு சுற்றுலயும் திரும்பத் திரும்ப பிரேக். டிஸ்க் ஆறவே ஆறாது. ரேஸிங் பேட் அந்தச் சூட்டுக்காகச் செய்யப்பட்டது. பல ரேஸிங் பேட் ஒழுங்கா பிடிக்கவே டிஸ்க் 200 டிகிரியைத் தொடணும். ஆறின டிஸ்க்ல அது நம்ம சாதாரண பேடை விட மோசமா பிடிக்கும். காலையில வீட்டை விட்டுக் கிளம்பி முதல் சிக்னல்ல மிதிச்சா வண்டி நகர்ந்துகிட்டே இருக்கும், கூடவே கிரீச்சுன்னு சத்தம் வேற. பெட்டி மேல "700 டிகிரி வரை தாங்கும்"னு போட்டிருக்கிறது, நம்ம ரோடு கேட்காத கேள்விக்கான பதில்.

சூட்டுக் கணக்கு

சரி, ஹைவேயில ஒரு முறை நிறுத்தினா எவ்வளவு சூடாகும்? 1,200 கிலோ கார், 60-ல இருந்து நிக்கணும்னா பிரேக் சுமார் 1.7 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமா மாத்தணும். 100-ல இருந்துன்னா 4.6 லட்சம். வேகம் இரண்டு மடங்குகூட ஆகலை, ஆற்றல் கிட்டத்தட்ட மூணு மடங்கு. இயக்க ஆற்றல்ல வேகம் வர்க்கமா வருதுன்னு ஸ்கூல்ல படிச்சது இங்கதான் வேலை செய்யுது.

இதுல 70 சதவீதம் முன் பிரேக்குக்குப் போகுதுன்னு வைங்க. ஒரு முன் டிஸ்க் 5, 6 கிலோ இருக்கும். கணக்குப் போட்டா, 100-ல இருந்து ஒரு முறை நிறுத்தினா டிஸ்க் சராசரியா 60 டிகிரி ஏறும். சென்னை வெயில்ல 35-ல ஆரம்பிச்சா 100-க்குப் பக்கத்துல வந்து நிக்கும். எந்த நல்ல சாதாரண பேடும் இதைத் தாங்கும். ஆறவிடாம அஞ்சு, ஆறு முறை நிறுத்தினாதான் 350, 400-ன்னு போகும். அங்கதான் சாதாரண பேடுக்கு மூச்சு வாங்கும். அதுக்குப் பேர் ஃபேட்.

ஆவடி பக்கத்துல அந்த நிலை வராது. வார இறுதியில ஏலகிரி போய், ஃபுல் லோடோட 14 கொண்டை ஊசி வளைவுகள்ல பிரேக்கை மிதிச்சுகிட்டே இறங்கினா வரும். அதுக்கு பேட் மாத்துறதை விட கியரைக் குறைச்சு இன்ஜினை இழுக்க விடுறது மேல்.

ஏபிஎஸ் சொல்ற ரகசியம்

உங்க கார்ல ஒரு முறையாவது ஏபிஎஸ் உதறினதை கால்ல உணர்ந்திருக்கீங்களா? காய்ஞ்ச நல்ல ரோட்டுல அது உதறுதுன்னா, பேட் கொடுக்கிற பிடி டயரோட பிடியைத் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல பிடிக்கிற பேட் போட்டாலும், அந்த முதல் ஸ்டாப் ஒரு அடி கூடக் குறையாது. அந்த இடத்துல எல்லை டயர். கெட்டியாகிப்போன அஞ்சு வருஷ டயரை வச்சுகிட்டு பேடுக்குச் செலவு பண்ணாதீங்க.

அடுத்து பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், சென்னையில ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தரக்கணக்குப்படி புது டாட் 4 ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினதுக்கு இந்த எண் 155. ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாத்துறது நல்லது.

"பிரேக் பத்தல"ன்னு தோணினா இப்படிப் பிரிச்சுப் பாருங்க. பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குது: சந்தேகம் பேட் மேல. பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது: ஆயில் கொதிச்சிருக்கு, இல்லை லைன்ல காத்து இருக்கு. இரண்டாவது பிரச்சினைக்கு உலகத்துலயே விலை கூடின பேட் போட்டாலும் தீராது.

கடையில என்ன பார்க்கணும்

கார்ல பொதுவா மூணு வகை. ஆர்கானிக்: அமைதியா இருக்கும், ஆறின நிலையிலேயே பிடிக்கும், சூடு அதிகம் தாங்காது. செமி மெட்டாலிக்: இரும்புத் துகள் கலந்தது, சூடு தாங்கும், சத்தமும் கறுப்புத் தூசியும் ஜாஸ்தி. செராமிக்: சத்தமும் தூசியும் கம்மி, விலை கூட. அடிக்கடி ஹைவே போறவங்களுக்கு, ஆறின நிலையில நல்லா பிடிக்கிற செமி மெட்டாலிக், இல்லைன்னா வண்டியோட வந்த அதே தரத்துப் பேட் போதும்.

பல பேட்களோட ஓரத்துல 'எஃப்எஃப்', 'ஜிஜி' மாதிரி ரெண்டு எழுத்து அச்சாகியிருக்கும். அது உராய்வுக் குணகம், ஸ்கூல்ல பார்த்த அதே மியூ. 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45. 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. முதல் எழுத்து சுமார் 90-ல இருந்து 200 டிகிரி வரைக்கும், இரண்டாவது அதிகச் சூட்டுக்கும். 'ஜிஇ'ன்னு இருந்தா சாதாரணமா நல்லா பிடிச்சு, சூட்டுல விட்டுடும். ஆனா நமக்கு வேண்டிய 35 டிகிரி பிடியை இந்த ரெண்டு எழுத்துமே சொல்லாது. அதனால வட்டத்துக்குள்ள 'இ' எழுத்தும், பக்கத்துல '90 ஆர்' என்ற குறியும் இருக்கான்னு தேடுங்க. அந்த ஐரோப்பியத் தரத்துல, ஆறின நிலைச் சோதனையிலயும் ஒரிஜினல் பேடை விட 15 சதவீதத்துக்கு மேல விலகக் கூடாது.

பைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. சின்டர்டு பேட் மழையிலயும் சூட்டுலயும் நல்லாவே பிடிக்கும். ஆனா அதுக்கேத்த டிஸ்க் இல்லாத வண்டியில போட்டா, டிஸ்க்கைத் தின்னுடும். உங்க மாடலுக்கு அது உண்டான்னு கேட்டுட்டு வாங்குங்க.

எந்தப் பேடா இருந்தாலும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல வாங்கினாலும் வீட்டுப் பக்கத்துல வாங்கினாலும், பில் வாங்குங்க. அச்சு மங்கலா, எழுத்துப் பிழையோட இருக்கிற பெட்டி "ஒரிஜினல்"னு பாதி விலைக்கு வந்தா, வேண்டாம்.

மாட்டினதும் முடியலை

புதுப் பேட் மாட்டின அன்னைக்கே முழுப் பிடி வராது. பேட்ல இருந்து மெல்லிய படலம் ஒண்ணு டிஸ்க் மேல சீரா படியணும். ஞாயித்துக்கிழமை காலையில, பின்னாடி யாரும் வராத ரோடா பார்த்து, 60-ல இருந்து 20-க்கு மிதமா எட்டு, பத்து முறை குறைங்க. நடுவுல முழுசா நிறுத்தி பெடலை அழுத்திப் பிடிக்காதீங்க, படலம் ஒரே இடத்துல ஒட்டிக்கும். முடிஞ்சதும் சில நிமிஷம் பிரேக்கைத் தொடாம ஓட்டி ஆறவிடுங்க. அப்புறம் சர்வீசுக்கு விடும்போதெல்லாம் தடிமன் பாருங்க. 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டா மாத்திடுங்க.

எந்தப் பேடாலயும் முடியாதது

கடைசியா ஒரு கணக்கு. ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அப்புறம் காய்ஞ்ச ரோட்டுல நல்ல பிரேக். 60-ல போற கார் மொத்தம் 37 மீட்டர்ல நின்னுடும். 100-ல போற கார் நிக்க 84 மீட்டர் வேணும். ராத்திரி லோ பீம்ல உங்களுக்குத் தெரியுறது 50, 60 மீட்டர். அந்த லாரி அதுக்குள்ள நிக்குது.

இன்னும் மோசம் என்னன்னா, 60-ல வந்த கார் நின்ன அதே இடத்துல, 100-ல வந்த கார் இன்னும் 90-ல போய்கிட்டிருக்கும். ரெண்டுலயும் ஒரே பேட், ஒரே டயர்.

அதனால வரிசை இப்படி: முதல்ல டயர், அப்புறம் ஆயில், அப்புறம் பேட். இந்த மூணுக்கும் முன்னாடி, ராத்திரி ஹெட்லைட் எட்டுற தூரத்துக்குள்ள நிறுத்த முடியுற வேகம். அதை எந்தக் கடையிலயும் விற்கிறதில்லை. அடுத்த எபிசோட்ல டயர் பத்தி, பக்கவாட்டுல இருக்கிற அந்த நாலு இலக்க எண்ல இருந்து ஆரம்பிப்போம்.