வெளிநாட்டில் டீச்சர் வேலையா? கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்!

திருநின்றவூருக்கு அடுத்த ஸ்டேஷன் வேப்பம்பட்டு. காலை மின்சார ரெயிலுக்கு நிற்கிற கூட்டத்தில் டிபன் கேரியரும் திருத்திய நோட்டுக்கட்டுமாக டீச்சர்களும் உண்டு. பி.எட். முடித்துவிட்டு, தனியார் பள்ளிச் சம்பளத்தில் மாதக் கடைசியை எண்ணுகிறவருக்கு, "துபாய்ல டீச்சர் வேலை, தங்க இடம், டிக்கெட் எல்லாம் ஃப்ரீ" என்று போனில் ஒரு சேதி வந்தால் மனசு துள்ளத்தானே செய்யும்!

துள்ளட்டும், தப்பில்லை. ஆனால், "கேள்வித்தாளை ரெண்டு தடவை படிங்கடா" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற டீச்சர், தம்முடைய அக்ரிமெண்டை ஒரு தடவையாவது முழுசாகப் படிக்க வேண்டாமா?

கொத்தனாருக்கு உண்டு, டீச்சருக்கு இல்லை!

பத்தாம் வகுப்பு தேறாத ஒரு கொத்தனார் வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதானால், மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அனுமதி வேண்டும். அவருடைய வேலை ஒப்பந்தத்தை அங்கே பார்ப்பார்கள்.

டீச்சரோ பட்டதாரி. அவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. நேரே விமானம் ஏறலாம். சவுகரியம்தான். ஆனால் அவருடைய அக்ரிமெண்டை இங்கே சரிபார்க்க ஓர் அதிகாரியும் இல்லை. 'படித்தவர்தானே, அவரே பார்த்துக்கொள்வார்' என்பது கணக்கு!

காந்தி கேட்ட இரண்டு கேள்வி

1893-ல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறுமுன் பாரிஸ்டர் காந்தி, தாதா அப்துல்லா கம்பெனியாரிடம் கேட்டது இரண்டே கேள்வி. எத்தனை காலம் வேலை? என்ன சம்பளம்? ஒரு வருஷத்துக்கு மேல் ஆகாது. போகவர முதல் வகுப்பு டிக்கெட், 105 பவுன், மற்ற செலவும் கம்பெனியுடையது என்று பதில் வந்தது. அதன் பிறகே கிளம்பினார்.

1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கும் ஐந்து வருஷ ஒப்பந்தம் இருந்தது. 'அக்ரிமெண்ட்' என்ற வார்த்தை தோட்டத்தில் 'கிர்மிட்' ஆயிற்று. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ரேகை வைத்தவர்கள் பலர். அந்த ஏழைகளுக்கு எழுத்து தெரியாது. இன்றைய டீச்சருக்கு அந்தச் சாக்கு கிடையாதே!

சம்பளத்தில் ஒரு சூட்சுமம்

"மாசம் 3,000 திர்ஹாம்" என்றால் அடுத்த கேள்வி, "அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?" என்பதாக இருக்க வேண்டும்.

ஐக்கிய அரபு நாட்டின் 2021-ஆம் வருஷத் தொழிலாளர் சட்டப்படி, ஒரு வருஷமாவது வேலை பார்த்தவருக்கு விலகும்போது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருஷம் வரை, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மூவாயிரமும் அடிப்படை என்றால் மூன்று வருஷத்துக்கு 6,300 திர்ஹாம். 1,200 மட்டும் அடிப்படை, மீதி அலவன்சு என்று எழுதியிருந்தால் 2,520 தான்! மாதச் சம்பளம் ஒன்றே. கடைசியில் கைக்கு வருவது பாதிகூட இல்லை.

கோடை விடுமுறை இரண்டு மாதம். அதற்குச் சம்பளம் உண்டா? ஊருக்கு வர டிக்கெட் வருஷத்துக்கு ஒரு முறையா, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையா? வீடு தனியா, நாலு பேரோடு பங்கா? புரொபேஷன் எத்தனை மாதம்? (அந்த நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது.) நடுவில் விலகினால் என்ன பிடித்தம்? எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் அங்க போய்ப் பேசிக்கலாம் மேடம்" என்று ஏஜெண்டு சொன்னால், உஷார்!

தமிழிலேயே கேட்கலாம்

அங்கே தொழிலாளர் அமைச்சகம் வகுத்த வேலைக் கடிதத்தில் முதலில் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு போடும் அக்ரிமெண்டில் அதைவிடக் குறைத்து எழுதக் கூடாது. அரபியோடு ஆங்கிலத்திலும், வேண்டுமானால் தமிழிலும் அந்தக் கடிதத்தைத் தர வழி உண்டு. அதைக் கேட்டு வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

"முதல்ல விசிட் விசாவுல வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்பது பழைய வலை. பார்வையாளர் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பதற்கும் அங்கே சட்டம் இடம் தராது.

எங்கே விசாரிப்பது?

ஏஜெண்டு 1983-ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வரி. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே கும்பிடு போட்டு விடலாம்.

தமிழக அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. வேப்பம்பட்டில் ரெயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடித்தால் கிண்டி. ஒரு நாள் லீவு போட்டு நேரில் கேட்டு வரலாம்.

ஒரிஜினல் சான்றிதழ்களை ஏஜெண்டிடம் விட்டு வைக்காதீர்கள். பார்க்கிற வேலைக்கு ராஜினாமா கொடுக்குமுன், கையெழுத்தான அக்ரிமெண்டும் வேலை விசாவும் கைக்கு வந்துவிட்டதா, இரண்டிலும் ஒரே வேலை, ஒரே முதலாளி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பெயர் இருந்தால், அந்த விமானம் உங்களுக்கு வேண்டாம்!