ஒரே கிளாஸ்... 22 பக்கம்!

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உசிலம்பட்டி பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்து உட்கார்ந்தபோது எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. 'சின்ன ஸ்கூல். மூணு வகுப்பும் சேர்த்து 22 பிள்ளைங்க. இதுக்குப் போய் அக்கா இம்புட்டு அலுத்துக்கறாளே! ஒரு மணி நேரம் நான் பாடம் நடத்திக் காட்டினால் தெரிந்துவிடும்!'

பி.காம். படித்தவன் பாருங்கள்... தன்னம்பிக்கைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

அக்கா என்றால் பெரியம்மா மகள். செக்கானூரணி தாண்டி ஒரு கிராமத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் டீச்சர். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே டீச்சர்கள். 'அநியாயம்!' என்று கொதிக்காதீர்கள். சட்டமே அப்படித்தான். 2009-ல் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர். ஐந்து வகுப்பையும் இரண்டு ஆசிரியரையும் வைத்துக்கொண்டு கணக்கை டேலி பண்ண வேண்டியது டீச்சரின் பொறுப்பு!

"வாடா தம்பி... பெரிய்ய வாத்தியாரே! இந்தா பிடி" என்று சாக்பீஸைக் கையில் கொடுத்தாள் அக்கா. 1, 2, 3 என மூன்று வகுப்பும் ஒரே ஹாலில், பாயில். 'குட்மாணிங் ஸா...ர்' என்று 22 குரல்கள் ராகம் பாடி முடித்ததும், நான் போர்டில் ஐந்து வரி எழுதினேன். காக்கா, வாழை மரம், மழை என்று ஏதோ ஒரு குட்டிக் கதை.

"எல்லாரும் பார்த்து எழுதுங்க!"

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருத்தன் முதல் ஆளாக எழுதி முடித்து நீட்டினான். அச்சில் வார்த்த மாதிரி கையெழுத்து. சுழியெல்லாம் சுத்தம். என் கையெழுத்தைவிட நூறு மடங்கு தேவலை. "வெரிகுட்றா!" என்று முதுகில் தட்டினேன்.

அக்கா மெதுவாகச் சொன்னாள். "அதை வாசிக்கச் சொல்லு."

பையன் நோட்டைப் பார்த்தான். போர்டைப் பார்த்தான். என் மூஞ்சியைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

"அவன் எழுதலைடா தம்பி... வரைஞ்சிருக்கான். ரெண்டு வருஷமா இப்படி வரைஞ்சு வரைஞ்சேதேன் மூணாப்பு வந்துட்டான்."

அவனுடைய நிஜப் பெயர் நமக்கு வேண்டாம். 'டிராயிங் மாஸ்டர்' என்று வைத்துக்கொள்வோம்.

* * *

நான் சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா ஒவ்வொரு பிள்ளையாக ரன்னிங் கமெண்ட்ரி கொடுத்தாள்.

இந்தப் பக்கம் தூங்கி விழுகிற பாப்பா, அம்மாகூட விடியறதுக்கு முன்னாடியே மல்லிகைத் தோட்டத்துக்குப் போய் மொட்டுப் பறித்துவிட்டு வருகிறவள். வெயில் ஏறுவதற்குள் பறித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினால்தான் விலை. பத்து மணிக்கு அவளுக்கு உயிரெழுத்தைவிடத் தூக்கம்தான் முக்கியம்.

அடுத்தவன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். வீட்டில் அவனுக்குத் தண்ணீர் 'நீள்ளு'. புத்தகத்தில் 'நீர்'. முதல் வகுப்பில் மூன்று மாதம் வாயே திறக்கவில்லையாம். 'ஊமையோ' என்றுகூடச் சந்தேகப்பட்டார்களாம்!

இன்னொருத்தனின் அப்பாவும் அம்மாவும் முறுக்குப் போடும் வேலைக்கு வெளி மாநிலம் போய்விட்டார்கள். இவன் பாட்டி வீட்டில். பாட்டிக்கு வீட்டுப்பாடம் என்றால் வீட்டு வேலைதான்.

மூக்கு நோட்டில் இடிக்கிற மாதிரிக் குனிந்து எழுதும் பெண்ணுக்குப் படிப்பு வரவில்லை என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். விஷயம் படிப்பில்லை, பவர். கண்ணாடி போட்டதும் படிப்பு வந்துவிட்டது! 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கி, உலகமே திரும்பிப் பார்த்த மதுரைக்குப் பக்கத்திலேயே இந்தக் கதை.

சில்லறைக் கணக்கில் புலியாக இருந்தும் எழுத்துகளை இடம் மாற்றிப் போடும் ஒரு பையனும் உண்டு. 'டிஸ்லெக்ஸியா'வாக இருக்கலாம், பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்கிறாள் அக்கா. 2007-ல் 'தாரே ஜமீன் பர்' படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோமே, அந்தப் பையனின் பிரச்னைதான். 1995-ம் வருடத்து ஊனமுற்றோர் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ல் வந்த சட்டத்தில் அது 21 ஆனது. கற்றல் குறைபாடு அப்போதுதான் பட்டியலில் ஏறியது. அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் பெயரே கிடையாது. கிளாஸில் மட்டும் ஒரு பெயர் இருந்தது... 'மக்கு'!

கடைசியாக ஒரு குட்டி. ரெண்டாம் வகுப்பிலேயே தாத்தாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறாளாம். அவளுக்கு என் காக்கா கதை பயங்கர போர். கொட்டாவி விட்டதை நானே பார்த்தேன்.

"இப்ப சொல்லு... போர்டுல நீ எழுதின அஞ்சு வரி, இதுல யாருக்குடா?" என்றாள் அக்கா.

யோசித்துப் பார்த்தேன். எனக்குத்தான்!

இது கிராமத்துக் கதை மட்டும் இல்லை. மதுரை டவுனுக்குள் மகால் பக்கம், முனிச்சாலைப் பக்கம் வந்தால், வீட்டில் சௌராஷ்டிரம் பேசிவிட்டு ஸ்கூலில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கிளாஸ் என்பது ஒரே ஸ்டேஷனில் ஏறி ஒரே ஸ்டேஷனில் இறங்கும் ரயில் கூட்டம் என்று நாம் நினைக்கிறோம். நிஜத்தில் அது ஷேர் ஆட்டோ. ஏறும் இடமும் வேறு, இறங்கும் இடமும் வேறு.

* * *

அப்படியானால் 22 பேருக்கு 22 பாடமா? நடக்கிற காரியமா?

கிட்டத்தட்ட அதைத்தான் செய்து பார்த்தார்கள். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி. அங்கே பத்மநாப ராவ், ராமா என்கிற தம்பதி, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பள்ளிகளுக்காகப் பாடத்தை அட்டை அட்டையாகப் பிரித்தார்கள். அட்டைகளை வரிசைப்படுத்த ஓர் ஏணிப் படம். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ, அந்த அட்டையை எடுக்க வேண்டியது. முடித்தால் அடுத்த படி. நாலு நாள் லீவு போட்டாலும் விட்ட படியிலிருந்தே ஏறலாம். பூப்பறிக்கப் போகிற பாப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2003-ல் சென்னை மாநகராட்சி கமிஷனராக இருந்த எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ்., இந்த முறையை மாநகராட்சிப் பள்ளிகளில் கொண்டுவந்தார். 'செயல்வழிக் கற்றல்' என்று பெயர். 2007-08-ல் அது தமிழ்நாடு முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. டீச்சர் பாயில் இறங்கி உட்கார்ந்தார். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரம் தாழ்வான போர்டு வந்தது. சில குழுக்களுக்கு டீச்சர் உதவுவார், சில குழுக்களுக்குக் கூடப் படிக்கும் பிள்ளைகள் உதவும், சிலது தானே படிக்கும்.

பிறகு வருஷங்கள் ஓடின, பாடத்திட்டம் மாறியது, கொரோனா வந்து ஸ்கூலையே பூட்டியது. திறந்தபோது ஒரே கிளாஸில் இடைவெளி இன்னும் பெரிசாகியிருந்தது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. இதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். மூணாப்புப் பிள்ளைக்கு எழுத்து தெரியாவிட்டால் அரும்பு. இரண்டாம் வகுப்பு அளவுக்குத் தெரிந்தால் மொட்டு. மூன்றாம் வகுப்பு அளவு என்றால் மலர். மல்லிகை ஊருக்குப் பொருத்தமான பெயர்கள்தான்!

வயிறு காய்ந்தால் அரும்பாவது மலராவது? அதற்கும் அதே 2022-ல் செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் காலை உணவுத் திட்டம் ஆரம்பமானது. பூப்பறித்துவிட்டு வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்கு அந்த உப்புமாவும் ஒரு பாடப் புத்தகம்தான்.

* * *

சரி, நம்ம டிராயிங் மாஸ்டர்?

அக்கா அவனை அரும்பில் போட்டாள். பையன் முறுக்கிக்கொண்டான். பின்னே? மூணாப்புக்காரன் ஒண்ணாப்புப் பொடிசுகளோடு உட்காருவதா? உங்களைத் திடீரென்று ஆபீஸில் டிரெயினி சீட்டில் உட்காரச் சொன்னால் சும்மா இருப்பீர்களா? ரெண்டு நாள் ஸ்கூலுக்கே வரவில்லையாம். மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்கே போயிருக்கிறாள்.

"டேய், இந்தப் பொடிசுகளை என்னால சமாளிக்க முடியலைடா. உனக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்கே... நீ எழுதி எழுதிக் காமிச்சு சொல்லிக் குடுப்பியா?"

"எனக்கே பத்து எழுத்துதேன் டீச்சர் தெரியும்."

"அந்தப் பத்தைச் சொல்லிக் குடு. பதினொண்ணாவது வர்றப்ப என்கிட்ட வா."

பையன் வந்தான். பத்து எழுத்தைச் சொல்லிக் கொடுத்தான். பதினொன்றாவதுக்கு டீச்சரிடம் ஓடினான். பன்னிரண்டாவதுக்கு மறுபடியும் ஓடினான். பொடிசுகள் 'அண்ணே, இது என்னண்ணே?' என்று கேட்கும்போது தெரியாது என்று சொல்ல கௌரவம் இடம் தரவில்லை. முதல் நாள் சாயந்திரமே கேட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். வாத்தியார் வேலைக்கு 'ப்ரிப்பரேஷன்'!

இது அக்கா கண்டுபிடித்த வித்தை இல்லை. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை வித்தைதான். 1789-ல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். 'நம்ம பள்ளியிலும் இப்படிச் செய்யலாமே' என்றார். அங்கிருந்த ஆசிரியர் 'அதெல்லாம் ஆகாது' என்றுவிட்டார். பெல் அசரவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனைக் கூப்பிட்டுக் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டிவிட்டான்! பெல் ஊருக்குத் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாகப் போட, இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் இந்த முறை பரவியது. பெயரே 'மெட்ராஸ் சிஸ்டம்'! பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பிற்பாடு அங்கே அது 'குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகள்' என்கிற மிஷின் மாதிரி ஆகிவிட்டது என்று கண்டனங்களும் வந்தன. சரக்கு நம்முடையது, லேபிள் மட்டும் அவர்களுடையது.

எனக்கும் ஒரு சட்டாம்பிள்ளை உண்டு. காலேஜில் முதல் வருஷம் டெபிட் எது, கிரெடிட் எது என்று சத்தியமாகப் புரியவில்லை. லெக்சரர் எண்பது பேருக்கு ஒரே வேகத்தில் நடத்திக்கொண்டே போனார். ஒரு டீக்கடை பெஞ்சில் என் சிநேகிதன்தான், "மாப்ளே, உள்ள வர்றது டெபிட்டு, வெளிய போறது கிரெடிட்டு. டீக்கடைக்காரனுக்கு நீ கொடுத்த காசு அவனுக்கு என்ன?" என்று ஆரம்பித்து அரை மணியில் புரியவைத்தான். இன்றைக்கும் அந்த டீக்கு நான்தான் கடன்பட்டிருக்கிறேன். ஆபீஸில் புது சாஃப்ட்வேர் வந்தபோது உங்களுக்கு நிஜமாகச் சொல்லிக் கொடுத்தது யார்? ஏ.சி. ஹாலில் நடந்த டிரெயினிங்கா, பக்கத்து சீட்காரரா?

* * *

எல்லாம் சுபம் என்று எழுதிவிட்டு பஸ் ஏறிவிடலாம். ஆனால் அக்கா விடவில்லை.

"இவனை இப்ப மொட்டுக்குக் கொண்டாந்துட்டேன். ஜூன்ல நாலாப்பு போயிருவான். மலருக்கு வரலை. அங்க 'நாலாப்புப் புஸ்தகம், பக்கம் ஒண்ணு'ன்னு ஆரம்பிச்சா, மறுபடியும் வரைய ஆரம்பிச்சுருவான். அப்புறம் ஆறாப்பு, எட்டாப்பு... ஒரு நாள் ஸ்கூலை விட்டே நின்னுருவான். யாருக்கும் தெரியாது. கையெழுத்துதேன் அழகா இருக்கே!"

அவளுக்கு இன்னொரு குறையும் உண்டு. பிள்ளைகளின் நிலையை மதிப்பிட்டு செல்போன் ஆப்பில் ஏற்ற வேண்டும். நெட் கிடைக்காத ஊரில், கையை உயர்த்தி சிக்னல் தேடும் நேரத்தில் ஒரு பிள்ளைக்கு நாலு வார்த்தை வாசிக்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம். இதே ஆப் வேலையை எதிர்த்து ஆசிரியர் சங்கங்களும் குரல் கொடுத்திருக்கின்றன. 22 பிள்ளையும் 22 படியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு படியிலும் கூட நிற்க ஆள் வேண்டுமே!

கிளம்பும்போது டிராயிங் மாஸ்டர் பஸ் ஸ்டாப் வரை வந்தான். பஸ் வந்தது. நெற்றியில் எழுதியிருந்ததை வாயசைத்துக் கூட்டினான். "ம...து... சார், அடுத்தது றை-யா, ரை-யா?"

"நீயே சொல்லு" என்றேன்.

"சின்ன ரை!"

எனக்கு நிஜமாகவே அந்த 'வெரிகுட்' இப்போதுதான் வாயில் வந்தது. காலையில் சொன்னது செல்லாத நோட்டு.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். சாயந்திரம் ஆபீஸிலிருந்து வந்து டையைக் கழற்றியதும் நாம் பிள்ளையிடம் கேட்கும் முதல் கேள்வி என்ன? 'பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு மார்க்?' இன்றைக்கு ஒரு நாள் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். 'நேத்து உனக்குத் தெரியாதது, இன்னிக்கு என்ன தெரியும்?'

பதில் ஒரே ஓர் எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே வந்தது டெபிட்டு ஸார்... வரவில் எழுதிக்கொள்ளுங்கள்!