கயிற்றுப் பிடி போட்ட பெட்டி

இந்தக் குளிர்காலத்தில் மாத்திரம் நம் சபையில் மூன்று நல்லடக்க ஆராதனைகள். பாடகர் குழுவில் நிற்பதால் நாங்கள் மூன்றுக்கும் போனோம். ஒவ்வொரு முறையும் வார்னிஷ் பளபளக்கும் பெட்டி, பித்தளை நிறக் கைப்பிடி, பிளாஸ்டிக் சட்டத்தில் பூக்களால் கட்டிய 'அப்பா', 'அம்மா'. அடக்கம் முடிந்தபின் அந்தப் பிளாஸ்டிக்கெல்லாம் எங்கே போகிறது என்று எங்களில் ஒருவர் கேட்டார். வாலிபர் கூடுகையில் இரண்டு வாரம் அதே பேச்சுத்தான்.

முதலில் நினைவுக்கு வந்தவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. 2021 டிசம்பர் 26இல், 90ஆம் வயதில் மரித்தார். நோபல் பரிசு பெற்றவர். ஆனாலும், கிடைப்பதிலேயே மலிவான பெட்டி போதும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். கேப் டவுன் புனித ஜார்ஜ் பேராலயத்தில் இருந்தது சாதாரண பைன் மரப் பெட்டி. கயிற்றுப் பிடி. குடும்பத்தார் வைத்த ஒரே ஒரு கார்னேஷன் பூங்கொத்து. அவர் உடலை நெருப்பில் எரிக்கவில்லை, நீரால் தகனம் செய்தார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த நீரை அழுத்தத்தில் சுமார் 150 பாகை செல்சியஸுக்குச் சூடாக்க, சில மணி நேரத்தில் எலும்பு மட்டும் மிஞ்சும். அதை உலர்த்திப் பொடியாக்குவார்கள். நெருப்புத் தகனத்தைவிட எரிசக்தி குறைவு. அவருடைய அஸ்தி அதே பேராலயத்தின் தரைக்குக் கீழே வைக்கப்பட்டது.

கேட்க ஒரு மாதிரித்தான் இருக்கிறது. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

நாம் வாழும் இங்கிலாந்தில் இன்னும் எளிய வழி உண்டு. 1993இல் கார்லைல் நகரக் கல்லறைத் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வன அடக்க நிலம் தொடங்கியது. இன்று பல இடங்களில் இருக்கின்றன. உடலுக்கு மருந்து ஏற்றக்கூடாது. வில்லோக் கூடை, அட்டை, கம்பளி இவற்றாலான பெட்டி போதும். பளிங்குக்கல் கிடையாது, மரமோ காட்டுப் பூவோ வளரும். சட்டப்படி பெட்டியே கட்டாயமில்லை. அரிமத்தியா யோசேப்பு ஆண்டவரின் சரீரத்தைத் துணியில் சுற்றித்தானே வைத்தார் என்றார் ஒரு தம்பி.

சிக்கல் நம் வீடுகளில்தான். கனடாவிலிருந்து அண்ணா வரவேண்டும், சென்னையிலிருந்து சித்தி வரவேண்டும் என்று இரண்டு மூன்று வாரம் காத்திருக்கிறோம். அதற்காகவே மருந்து ஏற்றச் சொல்கிறோம். பெரும்பாலும் குளிரூட்டிய அறையே போதும், கேட்டுப் பாருங்கள். உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்புவதென்றால் அது வேறு கதை.

அதைவிடப் பெரிய சிக்கல் பெயர். எங்களில் ஒருவருடைய அம்மம்மாவிடம் இதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"பேர் எழுதாத இடத்தில என்னைப் புதைக்காதேங்கோ பிள்ளையள். இடம்பெயர்ந்து வந்தாப்பிறகு, ஊரில உங்கட அம்மப்பான்ர கல்லறை எதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. கார்பன் கணக்கோடு போனவர்கள் நாங்கள், இதை யோசித்திருக்கவே இல்லை.

பிறகு விசாரித்தோம். சில இடங்களில் வரைபடத்தில் ஒரு இலக்கம் மட்டும். சில இடங்களில் பெயர் பொறித்த சிறு மரப்பலகை வைக்கலாம். அதைச் சொன்னபோது, "பலகை எத்தனை வருசம் நிக்கும்?" என்றார். அது உக்கிப்போகத்தான் வைக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க பஸ் போகுமோ?" என்று கேட்டார்.

பஸ் போகாது. அதனால் மே மாதம் ஒரு சனிக்கிழமை சபையின் வேனில் போய்ப் பார்த்துவரத் தீர்மானித்திருக்கிறோம். அம்மம்மா முன் இருக்கையைக் கேட்டிருக்கிறார். பின்னால் இன்னும் ஏழு இடம் உண்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிவாருங்கள்.