விமானி அறையில் ஒரு பொய்க்குரல்

விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கின்றது. திடீரென விமானி அறையில் "டிராபிக், டிராபிக்!" என்று ஓர் இயந்திரக் குரல் எழுகின்றது. அயலில் வேறொரு விமானம் நெருங்குகின்றது என்பது பொருள். சில செக்கன்கள் கழிய, "கிளைம், கிளைம்!", மேலே ஏறு, என்று அது கட்டளையிடுகின்றது. விமானி வெளியே நோக்குகின்றார், எதுவுந் தென்படவில்லை. அவர் யாது செய்தல் வேண்டும்?

ஏறுவதால் வேறோர் ஆபத்து நேரும் என்றிருந்தாலன்றி, உடனே ஏறுதல் வேண்டும் என்பதே விதி. அதற்கு அவருக்குள்ள அவகாசம் ஏறக்குறைய 5 செக்கன்! தரையிலுள்ள அதிகாரி மாறாகச் சொன்னாலும் இயந்திரத்தின் சொல்லே முந்தியது. இவ்விதி ஐயத்துக்கிடமின்றி வகுக்கப்பட்டமைக்குப் பெரியதொரு விலை கொடுக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி இரவு, ஜெர்மனியில் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் நெருங்கின. இரண்டிலும் இயந்திரம் சரியாகவே பேசிற்று: ஒன்றை ஏறு என்றது, மற்றதை இறங்கு என்றது. ஏற வேண்டிய ரஷ்ய விமானமோ தரையதிகாரியின் சொற்கேட்டு இறங்கியது. 71 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் பள்ளிச் சிறுவர்.

டீகாஸ் எனப்படும் இக்கருவிக்குக் கண் இல்லை. அது வானொலி அலைமூலம் அயல் விமானங்களை வினவுகின்றது. அவற்றிலுள்ள கருவி தன் உயரத்தை விடையாக அனுப்புகின்றது. விடை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படும். ஆகவே, விடை போன்றதோர் அலை எங்கிருந்து வந்தாலும், இல்லாத விமானமும் இருப்பதாகவே அதற்குத் தோன்றும். வேறொரு தொல்லையும் உண்டு. 1,000 அடி கீழே நின்றுவிடக் கருதி வேகமாக ஏறும் விமானத்தின் எண்ணத்தை டீகாஸ் அறியாது; மோதப்போகின்றது என்றே அலறும். இதற்காகவே, குறித்த உயரத்தை அணுகும்போது ஏறும் வேகத்தைக் குறைக்குமாறு விமானிகளுக்குச் சொல்லப்பட்டுள்ளது.

வாஷிங்டனில் நிகழ்ந்ததோ இவ்வகையன்று. 2025 ஜனவரி 29ஆந் திகதி இரவு, ரேகன் விமான நிலையத்தில் இறங்கவிருந்த பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகொப்டரும் பொட்டோமாக் ஆற்றின் மேல் மோதி 67 பேர் இறந்தனர். மோதலுக்குச் சுமார் 20 செக்கன் முன்னர் "டிராபிக்" என்ற குரல் எழுந்ததுண்டு. ஆயின், தரைக்கு அண்மையில் ஏறு, இறங்கு என்னுங் கட்டளைகளை டீகாஸ் பிறப்பிப்பதில்லை.

அத்துயரம் ஆறுமுன், மார்ச் 1ஆந் திகதி காலை, அதே நிலையத்தை அணுகிய பல விமானங்களில் டீகாஸ் எச்சரித்தது. அயலில் விமானம் எதுவும் இருக்கவில்லை! இரகசிய சேவையினரும் கடற்படையினரும் ஆளில்லா விமானங்களைத் தடுக்குங் கருவியொன்றைச் சோதித்தமையே காரணம் என்று செனட்டர் டெட் குரூஸ் அம்மாத இறுதியில் வெளிப்படுத்தினார். அந்த அலைவரிசையைப் பயன்படுத்த வேண்டாமென விமானப் போக்குவரத்து நிர்வாகம் முன்னரே அவர்களை எச்சரித்திருந்ததாம். காவலுக்கென வந்தவர்களே காவற்கருவியைக் குழப்பியமை எத்துணை விந்தை!

அன்று காலை சில விமானிகள் தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் உயரே சென்றனர். ஏனையோர் வழமைபோல் இறங்கினர்.