கறள் பிடித்த காரை வாங்கலாமா?

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை முதலிய ஊர்களிலும் பழைய மோட்டார்க் கார்களைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். இவர்களுள் சிலருடைய உள்ளத்தைக் கவர்வது ஸ்போர்ட்ஸ் கார் என வழங்கும் சிறிய விரைவு வண்டியாகும். இரண்டே இருக்கைகள், திறந்து மூடும் துணிக்கூரை, தாழ்ந்த உடல், கையசைவுக்கு உடனே திரும்பும் சுக்கான் ஆகியவை அதன் இலக்கணங்கள். அத்தகைய வண்டியொன்று யாரோ ஒருவருடைய கொட்டிலில் பல ஆண்டுகளாக அசையாது கிடக்கிறது, உடலெங்கும் கறள், கேட்கும் விலையோ மலிவு. பல ஆண்டுச் சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் அதனைக் கண்டுவிட்டால் அன்றிரவு உறக்கம் கொள்வது அரிது. வாங்கலாமா, விடலாமா என்ற அந்த வினாவை எவ்வாறு தீர்ப்பது என்பதை ஆராய்வோம்.

இவ்வகைக் கார்கள் மலைநாட்டில் காணப்படுவதற்குக் காரணம் உண்டு. தேயிலைத் தோட்டத் துரைமார் காலத்தில் எம்.ஜி. முதலிய பிரித்தானியக் கார்கள் இங்கு வந்து சேர்ந்தன. நுவரெலியாவிலுள்ள மகாகஸ்தோட்டையின் மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டில் தொடங்கியது. பின்னர் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், எம்.ஜி.பி., ட்ரையம்ப் ஸ்பிற்பயர் முதலியவை உலகச் சந்தைக்கு வந்தன. எனினும், 1960களின் தொடக்கத்திலிருந்து இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை அது பெரிதும் தளரவில்லை. ஆதலால் நாட்டிலிருந்த கார்களையே மீண்டும் மீண்டும் திருத்தி ஓட்டவேண்டியதாயிற்று. அண்மைக் காலத்திலும் இதே நிலை தோன்றியது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மறுபடியும் வழி திறக்கப்பட்டது. வரிச்சுமையோ பெரிது. மாதச் சம்பளம் பெறும் ஒருவருக்குப் புதிய ஸ்போர்ட்ஸ் கார் எட்டாக் கனி. கொட்டிலில் கிடக்கும் பழைய வண்டி எட்டும் கனியாகத் தோன்றுவது இதனாலேயே.

அக்கனி உள்ளே சொத்தையா என அறிவதற்கு, முதலிற் கறளின் இயல்பை அறிதல் வேண்டும். இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேருமிடத்துக் கறள் பிறக்கிறது. தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு கரைகிறது. அருகிலுள்ள மற்றொரு புள்ளியில் ஒட்சிசன் பங்குகொள்ளும் வினை நிகழ்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலமாக ஈரம் நிற்கிறது. அந்த ஈரத்தில் உப்புக் கலந்திருப்பின் வேகம் பன்மடங்காகும். பிறந்த கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவேதான் வர்ணம் அம்மைக் கொப்புளம்போல் மேலெழுகிறது. கொப்புளம் வெளியே நாணயமளவு தோன்றினால், உள்ளே உள்ளங்கையளவு தகடு நைந்திருத்தல் கூடும். கறள் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருவது. கண்ணுக்குத் தெரியும்போது அதன் வேலை பாதி முடிந்திருக்கும்.

கண்டியின் காலநிலை இதற்கு உகந்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகருக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் மழை தருகிறது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையும் மழை மிகுதி. ஆண்டு மழைவீழ்ச்சி 1,800 மில்லிமீற்றர் அளவினது. மகாவலி கங்கையிலிருந்து எழும் காலைப் பனிமூட்டமும் உண்டு. மூடிய கொட்டிலில், மண்தரைமேல் நிற்கும் கார் மழையில் நனையாவிடினும் ஈரக்காற்றிலே நனைந்துகொண்டிருக்கும். ஆயினும் கண்டிக்கு ஒரு நன்மை உண்டு: கடலுப்பு இங்கு வருவதில்லை. ஆதலால் வாங்குபவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, இந்த வண்டி தன் வாழ்நாளை எங்கே கழித்தது என்பது. நீர்கொழும்பிலோ காலியிலோ கடற்கரையோரம் இருபது ஆண்டு நின்று பின் கண்டிக்கு வந்த கார், உப்பையும் உடன் கொண்டுவந்திருக்கும்.

அடுத்துக் காணவேண்டியது கறள் எங்கே இருக்கிறது என்பதாகும். காரின் உடலில் தோலும் உண்டு, எலும்பும் உண்டு. முன்மூடி, கதவின் வெளித்தகடு, சில்லுக்கு மேலுள்ள தகடு ஆகியவை தோல். அவற்றிற் கறள் இருப்பின் அழகு கெடும், உயிருக்குக் கேடில்லை. எலும்பு எது என்பது காருக்குக் கார் வேறுபடும். 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேலாக உற்பத்தியான எம்.ஜி.பி. காரையே எடுத்துக்கொள்வோம். அதற்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தகட்டுடலே பாரம் தாங்குகிறது. திறந்த காரில் மேற்கூரையின் துணையும் இல்லாமையால், கதவுகளுக்குக் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே ஓடும் பெட்டிவடிவத் தகடுகளே முதுகெலும்பாகின்றன. அவை நைந்தால் கார் நடுவே வளையும். ஸ்பிறைற்றும் இவ்வினத்தது. ட்ரையம்ப் ஸ்பிற்பயருக்குச் 'செசி' என வழங்கும் அடிச்சட்டம் தனியே உண்டு. ஆயினும் அதிலும் கதவடிப் பெட்டிகள் வலிமைக்குத் துணைநிற்கின்றன. 1945 முதல் 1949 வரை வெளிவந்த எம்.ஜி. டி.சி. காரிலோ உடற்தகட்டுக்குள் மரச்சட்டம் இருக்கிறது. அங்கே கறளோடு கறையானையும் தேடவேண்டும்.

சோதிக்கும் முறைகள் எளியவை. பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில், ஒரு காந்தத்தைத் துணியிற் சுற்றிக் கொண்டுசெல்லுதல் நன்று. இரும்புத் தகட்டிற் காந்தம் ஒட்டும். ஓட்டையை மறைத்துப் பூசிய பட்டியில் ஒட்டாது. உள்ளே விரித்துள்ள கம்பளத்தை நீக்கித் தளத்தகட்டைக் கைவிரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். எம்.ஜி.பி.யில் இருக்கைகளுக்குப் பின்னால் பற்றரி வைக்கும் பெட்டியையும் திறந்து நோக்கவேண்டும். பற்றரி அமிலம் அங்கே தகட்டைத் தின்றிருத்தல் கூடும். பின்னர் ஒரு பக்கத்தை ஜாக்கியால் மெல்ல உயர்த்தி, கதவின் விளிம்பிலுள்ள இடைவெளியைக் கவனிக்கவேண்டும். அந்த இடைவெளி சுருங்கினாலோ, கதவு திறக்க மறுத்தாலோ முதுகெலும்பு முறிந்ததென அறிந்துகொள்ளலாம். இவ்வளவுக்கும் விற்பவர் இடங்கொடாராயின், அதுவே விடையாகும்.

எஞ்சின் ஓடவில்லையே என்று அஞ்சுவோர் பலர். உண்மையில் அச்சம் கொள்ளவேண்டிய இடம் அதுவன்று. ஸ்பிறைற்றின் எஞ்சினும் 1950களின் மொறிஸ் மைனர் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மொறிஸ் மைனரைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கைகள் மலைநாட்டில் இன்றும் இருக்கின்றன. தகரவேலைக்கும் இந்நாட்டிலே திறமை உண்டு. 1990களில் மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகள் இலங்கையிற் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கே அனுப்பப்பட்டன. ஆயின் திறமை வேறு, காலம் வேறு. எஞ்சினைச் சில கிழமைகளிற் பூட்டிவிடலாம். நைந்த தகட்டை வெட்டி, புதுத்தகடு வளைத்து, கதவு இடைவெளி பிசகாமல் ஒட்டுவதற்குப் பல மாதங்கள் செல்லும். கூலி நாட்கணக்கில் ஏறும். மூல அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி. உடல் முழுவதையும் 1988 முதல் பிரித்தானியாவிற் புதிதாகச் செய்யத் தொடங்கினர் என்பது உண்மை. அத்தகைய பாகங்களை இங்கு வரவழைப்பின் கப்பற் கூலியும் சுங்க வரியும் சேரும். நாணய மாற்றும் குறுக்கிடும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. பாதி திருத்திய காரை வைத்திருந்தவருக்கு மீதிப் பாதியின் விலை அவ்வாண்டில் எவ்வாறு மாறியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி, பணத்தைவிடப் பெரியதொன்றைக் கருதவேண்டும். கண்டியில் எத்திசையிற் புறப்பட்டாலும் ஏற்றமும் இறக்கமுமே. கொழும்புக்குச் செல்வோர் கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கவேண்டும். மகியங்கனைக்குச் செல்வோருக்குப் பதினெட்டு வளைவுகள் காத்திருக்கின்றன. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அங்கிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்கு வரும் கார் 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. ஆட்களோடு 1,000 கிலோகிராம் நிறையுள்ள சிறு கார் இவ்வாறு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ 40 லீற்றர் நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதைப் பிரேக்குகளே வெப்பமாக உண்ணவேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பல ஆண்டு மாற்றப்படாத எண்ணெயில் நீர் சேர்ந்து அதன் கொதிநிலை தாழ்ந்திருக்கும். வளைவுகளிடையே அது கொதித்து ஆவியானால், மிதிகட்டை தளம்வரை அமிழ்ந்தும் கார் நில்லாது. அன்றியும், அக்காலக் கார்கள் பலவற்றில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றே அமைந்திருந்தது. கறள் தின்ற இரும்புக் குழாய் ஓரிடத்தில் வெடித்தால் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே கைவிடும். ஆகவே, பிரேக் குழாய்களையும் எண்ணெயையும் முற்றாக மாற்றும் முன்னர், இவ்வண்டியைச் சோதனை ஓட்டத்துக்கென்றுகூட இறக்கத்தில் விடலாகாது.

நான்காவது சோதனை ஏடுகளைப் பற்றியது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வாகனத்துக்குப் பதிவு உண்டு. அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்திலுள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா? புத்தகத்திலுள்ள பெயர் விற்பவருடையதுதானா? பழைய கார்கள், பெயரும் திகதியும் இடாது கையொப்பம் மட்டும் பெற்ற மாற்றப் பத்திரங்களோடு கைமாறுவது உண்டு. முதற் கையொப்பமிட்டவர் இறந்தோ நாட்டைவிட்டுச் சென்றோ இருப்பின், வாங்கியவர் காரை வைத்திருப்பார்; உரிமை அவரிடம் இராது. பல ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் பெறாத வாகனத்துக்கு நிலுவை யாது என்பதையும் முன்கூட்டியே விசாரித்தல் வேண்டும். ஏடு செத்த காரைவிடத் தகடு செத்த கார் மேலானது, தகட்டை ஒட்டலாம்.

இவற்றையெல்லாம் கண்ட பின்னரே கணக்கை எழுதவேண்டும். உதாரணத்துக்காக மட்டும் ஒரு கணக்கைக் கொள்வோம். காரின் விலை 10 இலட்சம் ரூபா. தகரவேலைக்கு 8, வர்ணத்துக்கு 4, பிரேக்கு, சில்லு, மின்கம்பிகளுக்கு 3, எஞ்சினுக்கு 5 இலட்சம் செல்கின்றன. முடிவில் 30 இலட்சம் ஆகிறது. அதே வகைக் கார் நன்னிலையில் 22 இலட்சத்துக்குக் கிடைக்குமாயின், மலிவென வாங்கியவர் 8 இலட்சத்தையும் இரண்டு மூன்று ஆண்டுகளையும் இழந்தவராவார். எனவே, கேட்கும் விலை காரின் விலையன்று. திருத்தி முடிக்கும் நாளின் கூட்டுத்தொகையே அதன் விலை. அக்கூட்டுத்தொகையை நன்னிலையிலுள்ள காரின் விலையோடு ஒப்பிடுவதே சரியான ஒப்பீடு.

அவ்வாறாயின் யாருமே வாங்கலாகாதா? அப்படியன்று. எலும்பு உறுதியாயிருந்து தோல் மட்டும் கெட்டிருக்குமாயின், ஏடுகள் ஒழுங்காயிருக்குமாயின், வாங்கும் விலைக்கு இருமடங்கு பணம் வேறு தேவைக்கு ஒதுக்கப்படாமல் கையில் இருக்குமாயின், வாங்குவதில் தவறில்லை. மூன்றுள் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுதலே நன்று. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச்செல்லவும், நோயாளியை இரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் வீட்டில் இருக்கப்போகும் ஒரே வாகனம் இதுவாயின், இரண்டு இருக்கை வண்டி அப்பணிக்கு உரியதன்று. நம்பத்தக்க வேறொரு வாகனமோ அருகில் பஸ் வசதியோ உள்ளவர், தம் கையாலே வேலை செய்து மகிழ்பவர், மூன்றாண்டு பொறுப்பவர் ஆகியோருக்கு இக்கார் செலவு மட்டுமன்று, கல்வியுமாகும். கெட்டதை எறிந்து புதியதை வாங்கும் பழக்கம் பெருகிவரும் காலத்தில், ஒரு பொருளை அதன் உள்ளுறுப்பு வரை அறிந்து உயிர்ப்பிப்பவருடைய உழைப்புப் போற்றத்தக்கதே.

முடிவுசெய்யுமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. விற்பவரிடம் முற்பணம் கொடாமல், தகரவேலையில் அனுபவமுள்ள ஒருவருக்கு அரைநாட் கூலி கொடுத்து அழைத்துச்சென்று, காரின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் செய்வதே அது. கண்டியில் ஒரு பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் அதற்கு ஏற்ற நாளாகும். தளத்தகட்டில் நீர் தேங்கியிருக்கிறதா, எங்கே கசிந்திருக்கிறது என்பதை அன்று வண்டியே காட்டிக்கொடுக்கும்.